அழத் தெரிந்த ஊருக்குப் பால்

பின்தங்கிய வட்டாரங்களுக்கு அரசு பணம் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வாய்ப்பாடு. மக்கள்தொகை, வருமானம், பரப்பளவு என்று கணக்குப் போட்டு, இருப்பதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது. நம் நிதி ஆணையம் மாநிலங்களுக்கு வரிப்பங்கைப் பிரிப்பது இப்படித்தான். மற்றொன்று போட்டி. இவ்வளவு பணம் வைத்திருக்கிறோம், என்ன செய்வீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள், நல்லதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று அறிவிப்பது. இந்த இரண்டாவது வழியைப் புரிந்துகொள்ளப் பிரிட்டன் நல்ல இடம். அங்கே இரண்டையும் பார்த்துவிட்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில் பிரிட்டனுக்கு ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதி வந்தது. தலா உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த வட்டாரத்துக்குக் கூடுதல் பங்கு. கார்ன்வாலும் மேற்கு வேல்ஸும் அப்படிப் பெற்றவை. உள்ளூரில் எந்தத் திட்டத்துக்குப் பணம் என்பதற்கு விண்ணப்பம் எழுதத்தான் வேண்டும். ஆனால் கார்ன்வாலுக்கு இவ்வளவு என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பின் இதற்கு மாற்றாக வந்த நிதியையும் பெரும்பாலும் வாய்ப்பாட்டின்படியே பிரித்தார்கள். பேச்சும் சண்டையும் எழுந்தது இன்னொன்றைப் பற்றி. 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 480 கோடி பவுண்டு 'லெவலிங் அப் ஃபண்ட்' அது. ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் நிதி என்று பொருள். அது முழுக்கப் போட்டி, மூன்று சுற்றுகளாக நடந்தது.

விதிகள் பார்க்க எளிமையானவை. நகர மையத்தைச் சீரமைப்பது, உள்ளூர்ப் போக்குவரத்து, பண்பாட்டு இடங்கள் என மூன்று வகைத் திட்டங்களுக்கு மட்டும் பணம். ஒரு விண்ணப்பத்துக்குப் பொதுவாக 2 கோடி பவுண்டு வரை, பெரிய திட்டமானால் 5 கோடி வரை. ஊர்களை, தேவை அதிகமானது முதல் படி என்று மூன்று படிகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் படியில் இருந்த ஊர்களுக்கு விண்ணப்பம் தயாரிக்க 1.25 லட்சம் பவுண்டு கைச்செலவும் தந்தார்கள். தொகுதி எம்.பி. ஒரு விண்ணப்பத்துக்குத் தன் ஆதரவைத் தெரிவிக்கலாம்.

சிக்கல் அந்தப் படிகளிலேயே தொடங்கியது. அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக்கின் தொகுதிக்குள் வரும் ரிச்மண்ட்ஷையர் முதல் படியில் இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நொடித்த பார்ன்ஸ்லி இரண்டாம் படியில். அரசு ஒரு கணக்கைக் காட்டியது. ஆனால் எதைத் தேவை என்று அளக்கிறோம் என்பதை முடிவு செய்தவுடனேயே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது. அந்த முடிவை எடுப்பது போட்டியாளர்கள் அல்ல.

மீதிப் பாதி எழுத்துத் திறமை. நல்ல விண்ணப்பத்துக்குப் பொறியாளர் வேண்டும், போக்குவரத்துக் கணிப்பு வேண்டும், போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் எவ்வளவு பலன் திரும்பும் என்ற கணக்கு வேண்டும். ஆண்டுக்கணக்காக நிதி வெட்டுப்பட்டு ஆளில்லாமல் இருக்கும் உள்ளாட்சி மன்றம் இதற்கெல்லாம் ஆலோசனை நிறுவனத்திடம் போகும். ஒரு விண்ணப்பத்துக்குச் சராசரியாக 30 ஆயிரம் பவுண்டு செலவானதாக உள்ளாட்சி மன்றங்களின் சங்கம் கணக்கிட்டது. இரண்டாம் சுற்றில் 500க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் 880 கோடி பவுண்டு கேட்டு வந்தன. 2023 ஜனவரியில் தேறியவை 111, கொடுத்தது 210 கோடி. தோற்ற ஊர்கள் செலவழித்த பணம் போனது போனதுதான். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே ஆள் வைத்து அழுத பிள்ளைக்குப் பால்.

இன்னொன்றும் நடந்தது. முதல் சுற்றில் வென்ற மன்றங்களுக்கு இரண்டாம் சுற்றில் கிடையாது என்று விண்ணப்பங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு முடிவெடுத்தார்கள். பந்தயம் ஓடி முடித்தவரிடம் நீ ஓடியிருக்கவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அப்போதைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த, அன்றைய வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் ஆண்டி ஸ்ட்ரீட்டே இதைப் பிச்சைப் பாத்திரம் ஏந்தும் கலாசாரம் என்று வெளிப்படையாகச் சாடினார். மூன்றாம் சுற்றில் புதிய விண்ணப்பமே கேட்கவில்லை. முன்பு தோற்றவற்றிலிருந்து 55 திட்டங்களை எடுத்து 100 கோடி கொடுத்தார்கள்.

அதற்காகப் போட்டியே கூடாது என்று சொல்லிவிட முடியாது. எல்லோருக்கும் பிரித்தால் பணம் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும். போட்டி என்றால் ஊர் உட்கார்ந்து தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவாவது செய்யும். நம் ஸ்மார்ட் சிட்டி திட்டமும் போட்டியாகத்தான் நடந்தது. 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரங்களில் சென்னையும் கோவையும் இருந்தன. மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தன. ஈரோடு 2018 ஜனவரியில். தோற்ற ஊர் திட்டத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு வர வழி இருந்தது. அதனால் அது விரட்டும் போட்டியாக இல்லாமல் வரிசையில் நிற்க வைக்கும் போட்டியாக இருந்தது.  நம் திட்டத்தில் வேறு குறைகள் இருந்தன, அது தனிக் கதை.

வென்ற ஊர்களுக்கும் பணம் கைக்கு வர நாளானது. விண்ணப்பம் எழுதிய நாளுக்கும் தீர்ப்பு வந்த நாளுக்கும் இடையில் இரும்பும் சிமெண்டும் கூலியும் ஏறின. ஒதுக்கிய தொகை ஏறவில்லை. பல ஊர்கள் திட்டத்தைச் சுருக்கின, சில தள்ளிப்போட்டன. 2024 மார்ச்சில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இந்த நிதியையும் இதோடு சேர்ந்த மற்ற இரண்டு நிதிகளையும் ஆராய்ந்தது. மொத்தம் 1,047 கோடி பவுண்டில் 2023 செப்டம்பர் வரை உள்ளாட்சி மன்றங்கள் செலவழித்திருந்தது 124 கோடி. அந்த ஆண்டு ஜூலையில் ஆட்சி மாறியதும் இந்த நிதியை நடத்திய அமைச்சகத்தின் பெயரிலிருந்து 'லெவலிங் அப்' என்ற சொற்களை எடுத்துவிட்டார்கள்.