காபிக்கொட்டையை வீட்டிலேயே வறுக்கலாமா? மெஷின் ஆர்டர் போடும் முன் இதைப் படிங்க!

மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மல்லாட்டை வறுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணலியில் போட்டு, கை விடாமல் கிளறி, வாசனை மாறியதும் இறக்கிவிடுவார்கள். தெர்மாமீட்டர் கிடையாது, டைமர் கிடையாது. மூக்கும் காதும்தான் கருவி.

காபிக்கொட்டை வறுப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். ஆனால், யூடியூபில் 'ஹோம் ரோஸ்டிங்' என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது பல ஆயிரம் ரூபாய் மெஷின்கள். வாங்கியே ஆக வேண்டுமா? வாணலியே போதுமா? வறுக்கும்போது கொட்டைக்குள் என்னதான் நடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புது ட்ரெண்டா இது?

இல்லை, ரொம்பப் பழசு. பாக்கெட் தூள் பரவலாவதற்கு முன்பு, தமிழ்நாட்டில் காபி குடித்த வீடுகள் பலவற்றில் பச்சைக் கொட்டையை வாங்கி வந்து, கரி அடுப்பில் இரும்பு வாணலியிலோ கையால் சுற்றும் உருளையிலோ வறுத்தார்கள். மேசை விளிம்பில் திருகி மாட்டிய கை மெஷினில் அன்றன்றைக்கு வேண்டியதை அரைத்தார்கள். பிறகு அந்த வேலையைக் கடைகள் எடுத்துக்கொண்டன.

இப்போது வீட்டில் வறுக்க நினைப்பவர்களுக்குப் புதிதாகக் கிடைத்திருப்பது, தோட்டத்திலிருந்து நேரடியாகக் கொட்டை வாங்கும் வசதி. 1942-ல் வந்த காபி சட்டத்துக்குப் பிறகு, விளைந்த காபியைத் தோட்டக்காரர்கள் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1990-களில் இந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல்தான் முழு விளைச்சலையும் அவர்களே விற்கும் உரிமை வந்தது. ஏற்காட்டில் விளைந்த ஒரு கிலோ கொட்டையை இன்று போனிலேயே ஆர்டர் செய்ய முடிவதற்கு இதுதான் பின்னணி.

கொட்டைக்குள் என்ன நடக்கிறது?

பச்சைக் கொட்டையில் சுமார் 10 முதல் 12 சதவீதம் ஈரப்பதம் இருக்கும். சூடேற ஏற, இந்த வரிசையில் மாற்றங்கள் வரும்:

* மஞ்சள் கட்டம்: ஈரம் வெளியேறும். பச்சை நிறம் மஞ்சளாகும். வைக்கோல் வாசனை வரும்.
* பழுப்புக் கட்டம்: சுமார் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரியத் தொடங்கும். ரொட்டி சுடும் வாசனை வரும். மெல்லிய தோல் உரிந்து பறக்கும்.
* முதல் வெடிப்பு: ஏறக்குறைய 200 டிகிரியில் உள்ளே இருக்கும் நீராவி கொட்டையைப் பிளக்கும். சோளம் பொரிவது போல 'பட்... பட்...' என்று தெளிவாகக் கேட்கும். இங்கிருந்து அது குடிக்கத் தகுந்த காபி.
* இரண்டாம் வெடிப்பு: சுமார் 225 டிகிரியில் வரும். சத்தம் சன்னமாக, வேகமாக, கடுகு தாளிப்பது போல இருக்கும். புகை கூடும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கத் தொடங்கும்.

அதற்கு மேலும் விட்டால் கரிதான். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் விஷயம், இரண்டு வெடிப்புகளின் சத்தத்தையும் பிரித்துக் கேட்பதுதான். மெஷின் இருந்தாலும் இதைக் கற்றுக்கொள்ளாமல் முடியாது.

ஃபில்டர் காபிக்கு எங்கே நிறுத்துவது?

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. ஆங்கில வீடியோக்களில் பாதிக்கு மேல் பால் சேர்க்காத கருப்பு காபிக்கானவை. முதல் வெடிப்பு முடிந்ததுமே இறக்கச் சொல்வார்கள். பழப் புளிப்பு தூக்கலாக இருக்கும் காபி அது.

அதே கொட்டையை ஃபில்டரில் இறக்கி, பாலும் சர்க்கரையும் சேர்த்தால் டிகாஷன் வெளிறிப்போகும், புளிப்பு மட்டும் துருத்தி நிற்கும். டபரா டம்ளர் காபிக்கு முதல் வெடிப்பு அடங்கி, இரண்டாம் வெடிப்பின் முதல் சில சத்தங்கள் கேட்கும் வரை போகலாம். அங்கே நிறுத்தினால் பாலைத் தாண்டி காபி தெரியும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கடைத் தூளில் பெரும்பாலும் சிக்கரி இருக்கிறது. இந்திய உணவுத் தர விதிகளின்படி காபி–சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் பாக்கெட்டில் போட வேண்டும். டிகாஷனுக்குக் கறுப்பு நிறத்தையும் கெட்டியையும் கொடுப்பதில் சிக்கரிக்குப் பங்கு உண்டு. வீட்டில் வறுத்தது நூறு சதவீத காபி என்பதால் முதல் நாள் கொஞ்சம் 'லைட்'டாகத் தோன்றலாம். தூளைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். பழைய ருசியே வேண்டுமென்றால் சிக்கரியைத் தனியாக வாங்கிக் கலந்துகொள்ளலாம்.

எந்தக் கருவி யாருக்கு?

இரும்பு வாணலி: அநேகமாக வீட்டில் ஏற்கெனவே இருக்கும். 100 முதல் 150 கிராம் வரை வறுக்கலாம். 12 முதல் 18 நிமிடம் வரை கை நிற்கக் கூடாது. நிறம் அங்கங்கே மாறுபடும், ஆனால் பால் காபிக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. நான்ஸ்டிக் பாத்திரம் மட்டும் வேணாம். அதன் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். காலி இடத்தில் வாணலி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

பாப்கார்ன் மெஷின்: சூடான காற்றை அடிக்கும் வகை. ஒரு தடவைக்கு 80 முதல் 100 கிராம். 5 முதல் 8 நிமிடத்தில் முடிந்துவிடும். கொட்டை காற்றிலேயே சுழல்வதால் நிறம் ஒரே சீராக வரும். காற்று பக்கவாட்டுத் துளைகள் வழியாக வரும் மாடலாகப் பாருங்கள். அடியில் வலை மட்டும் உள்ள மாடலில் உரிந்த தோல் உள்ளே விழுந்து தீப்பிடிக்கலாம்.

கையால் சுற்றும் உருளை: அடுப்பின் மேல் வைத்துச் சுற்றுவது. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. கொட்டையின் நிறத்தைப் பார்க்க முடியாது என்பதால், சத்தம் பழகியவர்களுக்கே ஏற்றது.

மின்சார ரோஸ்டர்: ஃப்ரெஷ் ரோஸ்ட் சூடான காற்றில் வறுக்கும். ஜீன் கஃபேயில் 300 கிராம் வரை போடலாம். பெஹ்மோரில் சுமார் 450 கிராம். ஐலியோ புல்லட் ஒரு கிலோ வரை தாங்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், ஒரே ருசியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரலாம்.

மெஷின் போட்ட காசு திரும்புமா?

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு பேர், தினமும் இரண்டு வேளை காபி. வேளைக்கு 20 கிராம் தூள் என்றால் நாளைக்கு 40 கிராம், வாரத்துக்கு 280 கிராம்.

வறுக்கும்போது எடை சுமார் 15 சதவீதம் குறையும். அதாவது 280 கிராம் கிடைக்க சுமார் 330 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். பாப்கார்ன் மெஷினில் நான்கு தடவை, வாணலியில் மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வேலை.

வருஷத்துக்கு இது ஏறக்குறைய 14.5 கிலோ. வீட்டில் வறுப்பதால் கிலோவுக்கு 200 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 2,900 ரூபாய். 40,000 ரூபாய் மெஷின் வாங்கினால் போட்ட காசு திரும்ப 13 வருஷத்துக்கு மேல் ஆகும். உங்கள் ஊர் விலையைப் போட்டும் பார்க்கலாம். ஒரு கிலோ வறுத்த கொட்டைக்கு 1.18 கிலோ பச்சைக் கொட்டை என்று எடுத்துக்கொண்டால் போதும்.

ஆக, 'மிச்சம் பிடிக்கலாம்' என்று நினைத்து மெஷின் வாங்குவது சரிவராது. ருசிக்காக, ஆசைக்காக வாங்குவது வேறு விஷயம்.

ஆர்டர் போடும் முன் வோல்டேஜ் பார்த்தீர்களா?

அமெரிக்கச் சந்தைக்கான ரோஸ்டர்கள் 120 வோல்ட்டில் இயங்குபவை. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். அப்படியே செருகினால் மெஷின் போச்சு. ஒவ்வொரு மாடலிலும் 230 வோல்ட் வகை கிடைக்கிறதா, இந்தியாவில் சர்வீஸ் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது கரண்ட் கட். இப்படிப்பட்ட ரோஸ்டர்கள் 1,500 வாட் அளவுக்கு இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. வறுபடும்போது கரண்ட் போனால் உருளை நின்றுவிடும், மின்விசிறியும் நிற்கும். 200 டிகிரி சூட்டில் கொட்டை உள்ளேயே கிடந்து கருகும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவர்களுக்கு வாணலியோ கை உருளையோதான் நல்லது.

பட்ஜெட்டில் அரவைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவாகும், பாதி ரவையாக நிற்கும். ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். கையால் சுற்றும் பல்சக்கர கிரைண்டர் ஒன்று, விலை உயர்ந்த ரோஸ்டரைவிட உங்கள் டம்ளரில் அதிக வித்தியாசம் காட்டும்.

பச்சைக் கொட்டை வாங்கும்போது

விழுப்புரம் மாவட்டச் சமவெளியில் காபி விளையாது. அராபிகாவுக்கு ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைகளின் குளிர்ச்சி வேண்டும். வாங்கும்போது இந்தப் பெயர்கள் கண்ணில் படும்:

* பிளான்டேஷன்: பழத்தோல் நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. புதியவர்களுக்குச் சுலபம்.
* செர்ரி: பழத்தோடு காயவைத்தது. அராபிகாவிலும் ரோபஸ்டாவிலும் உண்டு.
* பீபெரி: பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை. உருண்டு ஓடுவதால் வாணலியில் சீராக வறுபடும்.

அராபிகா அறுவடை பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. எந்த அறுவடைக் கொட்டை என்று கேளுங்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தால் பச்சைக் கொட்டை 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை தாங்கும்.

இதையெல்லாம் மறக்காதீங்க

* புகை நிச்சயம் வரும். மொட்டை மாடி, கொல்லைப்புறம் சிறந்த இடம். ஃபிளாட் என்றால் ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டும் வேண்டும்.
* அடுப்பில் இருக்கும்போது போனை எடுக்க வேண்டாம். முதல் வெடிப்புக்கும் கரிக்கும் இடையே சில நிமிடங்கள்தான்.
* கனமான உலோக மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாணலியில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.
* இறக்கிய கொட்டை தன் சூட்டிலேயே தொடர்ந்து வறுபடும். ஸ்டீல் சல்லடையில் கொட்டி, ஃபேன் முன்னால் பிடித்து மூன்று, நான்கு நிமிடத்தில் ஆறவையுங்கள். ஆறிய பிறகு முறத்தில் புடைத்தால் தோல் போய்விடும்.
* உடனே அரைக்க வேண்டாம். வறுத்த கொட்டை கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மூடியை இறுக்காமல் வையுங்கள். இரண்டு, மூன்று நாள் கழித்து ருசி கூடி வரும். இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

அரை கிலோ பிளான்டேஷன் அல்லது பீபெரி கொட்டை, வீட்டில் இருக்கும் இரும்பு வாணலி, ஒரு ஸ்டீல் சல்லடை. ஒரு தடவைக்கு 100 கிராம் என்று ஐந்து தடவை வறுத்துப் பாருங்கள். எத்தனையாவது நிமிடத்தில் முதல் வெடிப்பு வந்தது, எப்போது இறக்கினீர்கள், ருசி எப்படி என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது தடவையும் வறுக்க ஆசை இருந்தால் அடுத்த கருவியைப் பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் செலவு அரை கிலோ கொட்டையோடு முடிந்தது.