எதேச்சைப் பாணி நீச்சல்: மூச்சை எங்கே விடுவது?

"அவன் கை கால்களை வேகமாக அசைத்து நீந்தினான்."

ஆறு, வெள்ளம், கடற்கரை என்று எந்தத் தலைப்பு கொடுத்தாலும் மாணவர்களின் கட்டுரைகளில் இந்த வாக்கியம் எப்படியாவது வந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அதற்குச் சரி போட்டவன்தான். 34 வயதில் நானே நீச்சல் கற்கப் போன பிறகுதான் அதில் உள்ள பிழை புரிந்தது. கை கால்களை வேகமாக அசைத்தால் மூச்சுதான் வாங்கும். ஆள் நகர மாட்டான்.

என் ஏழு வயது மகள் பெரிய குளத்தில் நீந்திக்கொண்டே, "அப்பா, நீங்க ஏன் எப்பவும் சின்னக் குளத்திலேயே நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த வாரமே பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். மூன்று மாதத்தில் எதேச்சைப் பாணியில் 25 மீட்டர் வந்துவிட்டது. ஆனால் அதோடு நின்றுபோனேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு 25 மீட்டரில் ஏன் இப்படி இரைக்கிறது? உடலில் வலு போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாகக் கையை வீசினேன். நிலைமை மோசமானதுதான் மிச்சம்.

ஒருநாள் பக்கத்துத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் கேட்டார்: "தம்பி, மூச்ச எங்க விடுறீங்க?"

"தலைய வெளிய எடுத்ததும் விட்டுட்டு, உடனே இழுக்கிறேன் ஐயா."

"அந்த ஒரு விநாடியில ரெண்டு வேலையா?"

அவ்வளவுதான் சொன்னார். என் மூன்று மாதச் சிக்கலும் அதில்தான் இருந்தது.

முகம் நீருக்குள் இருக்கும்போது பெரியவர்கள் தம்மை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறோம். பயம்தான் காரணம். அடக்கிய மூச்சில் கரியமில வாயு சேர்கிறது. 'மூச்சு முட்டுகிறது, மேலே வா' என்று உடல் துடிப்பது பெரும்பாலும் அந்த வாயு சேர்வதால்தான். ஆகவே முகம் நீரில் பட்டதும் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குமிழி குமிழியாக மூச்சை விடத் தொடங்க வேண்டும். தலை திரும்பும்போது இழுக்கிற வேலை மட்டுமே மிஞ்சும். ஆழமில்லாத பகுதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இதைத் தனியாகப் பழகலாம். நான் இரண்டு வாரம் வேறு எதுவுமே செய்யவில்லை. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்!

அடுத்தது தலை. மூச்சு இழுக்கத் தலையை முன்பக்கமாக உயர்த்துவது எல்லாருக்கும் வரும் பழக்கம். நெஞ்சுக்கூட்டில் காற்று இருப்பதால் அது மிதக்கும், கால்கள் கனமானவை. தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து, உடல் சாய்ந்த பலகைபோல் நீரைத் தள்ளிக்கொண்டு போகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதை எதிர்த்துத் தள்ள எவ்வளவு வலு இருந்தாலும் போதாது. பார்வை குளத்தின் அடியில் இருக்கட்டும். மூச்சுக்காக உடலோடு சேர்ந்து தலை பக்கவாட்டில் புரண்டால் போதும். ஒரு கண் நீருக்குள்ளேயே இருக்கலாம். தலை முன்னேறும்போது வாயருகே நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்து சிறு பள்ளம் உண்டாகும். அந்தப் பள்ளத்திலேயே காற்று கிடைக்கும். இதை நம்புவதற்குத்தான் எனக்கு நாளானது.

கையைப் பற்றி இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. மூச்சும் தலையும் சரியாகாமல் கையைத் திருத்தினால் பயன் குறைவு. கை தோளுக்கு நேராக நீரில் இறங்க வேண்டும். தலைக்கு முன்னால் குறுக்கே போனால் உடல் பாம்பாக நெளியும். கட்டைவிரலை முதலில் குத்தி இறக்குவது தோள்பட்டைக்கு நல்லதன்று. நாள் முழுக்க வெண்பலகையில் எழுதும் நமக்கு அது சொல்லாமலே தெரியும். இறங்கிய கையை நன்றாக நீட்டி, முழங்கையை உயரே வைத்தபடி விரல்களையும் முன்கையையும் அடிநோக்கித் திருப்பி, பிறகு பின்னோக்கி உந்த வேண்டும். உள்ளங்கை மட்டுமல்ல, முன்கை முழுவதும் துடுப்பு. இதை உணர ஒரு வழி: கைகளை முட்டியாக மூடிக்கொண்டு ஒரு சுற்று நீந்துங்கள். முன்கையைப் பயன்படுத்தாவிட்டால் நகரவே முடியாது.

கால்: இடுப்பிலிருந்து சிறிய உதை, தளர்ந்த கணுக்கால். மிதிவண்டி மிதிப்பதுபோல் முழங்காலை மடக்க வேண்டாம். தொடைத் தசைகள் பெரியவை, உயிர்வளியை நிறையத் தின்பவை. நெடுந்தூரம் நீந்த விரும்புபவர் உதையை அடக்கியே வைப்பது நல்லது.

பெயரைப் பற்றி ஒரு சொல். எதேச்சை என்றால் விருப்பம்போல். போட்டியிலும் விதி அதுதான். தனிப்போட்டியில் எந்தப் பாணியிலும் நீந்தலாம். ஆனாலும் எல்லாரும் கைகளை மாறி மாறி வீசும் இந்தப் பாணியையே எடுக்கிறார்கள், இதுதான் வேகமானது என்பதால். மாணவர்கள் கவனிக்க: 'அசைத்து' என்ற ஒரே சொல்லுக்குள் நீட்டினான், பிடித்தான், உந்தினான், புரண்டான் என்று நான்கு வினைகள் ஒளிந்திருக்கின்றன. விளக்கக் கட்டுரையில் அவற்றை நடக்கும் வரிசைப்படி எழுதினாலே நீந்தத் தெரியாதவருக்கும் காட்சி புரியும்.

முன்னேற்றத்தை அறிய நேரத்தைப் பார்க்காமல் கைவீச்சுகளை எண்ணுங்கள். தொடக்கத்தில் 25 மீட்டருக்கு எனக்கு 31 வீச்சுகள், இப்போது 22. தோளில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உயிர்காப்பாளர் பணியில் இல்லாத நேரத்தில் தனியாக இறங்காதீர்கள்.

தேர்வுத்தாள் திருத்தும் வாரங்களில் என் கணக்கு மறுபடி 27 ஆகிவிடுகிறது. அப்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் குமிழி விடுகிறேன். மகள் பக்கத்தில் நின்று எண்ணுகிறாள்.