கண்மாய் நத்தைகளும் நீர்ப்பூச்சிகளும்: இனம் காணும் வழி

பசுமலையைச் சுற்றியுள்ள கண்மாய்களும் ஊருணிகளும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. அவற்றின் கரையோரச் செடிகளுக்கிடையே வாழும் சிற்றுயிர்களை உருவமும் அசைவும் காட்டிக்கொடுக்கும்.

நத்தைகள்

ஆப்பிள் நத்தை: உருண்டு திரண்ட பெரிய ஓடு, ஓட்டின் வாயை அடைக்கக் கெட்டியான மூடி உண்டு. செவுள், நுரையீரல் இரண்டாலும் மூச்சுவிடும். நீர் வற்றினால் சேற்றில் புதைந்து, மூடியை இறுக அடைத்துக்கொண்டு அடுத்த மழைவரை உயிர்பிடித்திருக்கும்.

தட்டைச்சுருள் நத்தை: சுருட்டி வைத்த கயிறுபோல ஒரே தளத்தில் சுற்றிய ஓடு, மூடி கிடையாது. ஹீமோகுளோபின் இருப்பதால் இதன் ரத்தம் சிவப்பு. ஆடுமாடுகளைத் தாக்கும் சில ரத்தப் புழுக்கள் இளம்பருவத்தில் இதன் உடலில்தான் பெருகுகின்றன.

பூச்சிகள்

வளர்ந்த பூச்சிக்குக் கால்கள் ஆறு.

• நீர்த்தேள்: வால்முனையில் நீண்டிருப்பது கொடுக்கு அல்ல, மூச்சுக்குழல்.
• முதுகுநீச்சல் பூச்சி: எப்போதும் மல்லாந்தே நீந்தும்.
• முட்டை சுமக்கும் நீர்ப்பூச்சி: பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டைகளை ஒட்டிவிடும், பொரியும்வரை ஆண் சுமக்கும்.
• ஊசித்தட்டான் இளம்பருவம்: மெல்லிய உடல், வால்முனையில் இலை வடிவில் மூன்று செவுள்கள். தட்டானின் இளம்பருவத்துக்கு இவை இல்லை, உடலும் தடிமன். இரண்டும் கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும்.

நீர்ப்பூச்சிகள் சில வலிக்கக் கடிக்கும். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். வெள்ளைத் தட்டில் நீரோடு எடுத்துப் பார்த்தபின், எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.