கம்ப்யூட்டர் தின்ற கவுனி மூட்டை

2022 ஜூலை 18 அன்று, பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, வெல்லத்துக்கெல்லாம் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது ஞாபகம் இருக்கும். 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்கு வரி. அதுக்கு மேல் போனால் இல்லை. கைக்குத்தல் அரிசிக்கும் வரியா என்று நாம் போட்ட சண்டை வேற கதை.

எங்க உழவர் குழுவின் கிடங்குக் கணக்கு என் பொறுப்பு. கணினியில் 200-க்கு மேல் சரக்கு. ஒவ்வொன்றாகத் திறந்து வரியை மாற்ற ரெண்டு நாள் ஆகும். அதனால், முழுப் பட்டியலையும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கோப்பாக இறக்கி, எக்செல்லில் வரியைத் திருத்தி, திங்கள் காலை மொத்தமாக ஏற்றினேன். ‘வெற்றி’ என்று பச்சையில் காட்டியது. பத்து நிமிஷ வேலை!

வியாழக்கிழமை ஒரு அக்கா பணம் வாங்க வந்தாங்க. நாற்றுப் பறிக்கிற ஆளுக்குக் கூலி கொடுக்கணும். அவங்க கருப்புக் கவுனியின் குவியல் எண் 05-07. அஞ்சாம் நம்பர் உழவர், ஏழாவது குவியல். தேடினேன். அப்படி ஒரு எண்ணே இல்லை.

“தம்பி, நானே நின்னு அடுக்கின மூட்டை. கம்ப்யூட்டர் தின்னுடுச்சா?”

தின்னத்தான் செய்திருந்தது. கோப்பைத் திறந்ததுமே எக்செல் 05-07-ஐத் தேதி என்று நினைத்து ‘5-ஜூலை’ ஆக்கிவிட்டது. நான் கவனிக்காமல் அதையே ஏற்றியிருக்கிறேன். இப்படி ஒன்பது குவியல். எந்த வயல் அரிசி என்று சொல்ல முடியாவிட்டால் பி.ஜி.எஸ். சான்று என்று லேபிளில் எப்படிப் போடுவது?

இன்னொரு தப்பு அதைவிட மோசம். வரியை மட்டும் ஏற்றியிருக்க வேண்டும்; நான் இருப்புக் கட்டத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். சனி, ஞாயிறு விற்றதெல்லாம் அழிந்து, வெள்ளிக்கிழமை இருப்பு மேலே உட்கார்ந்துகொண்டது. மாற்ற வரலாற்றைப் பார்த்தால் என் பெயர், நேரம், ‘இறக்குமதி’ என்று ஒரே வரி. எது எதுவாக மாறியது என்பது அதில் இல்லை.

காப்பாற்றியது கிடங்குப் பெரியவரின் நோட்டு. கணினி வந்த பிறகும் வரவு, பற்று எழுதுவதை அவர் விடவில்லை. நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அந்த நோட்டையும் பில் புத்தகத்தையும் வைத்து ராத்திரி முழுக்க ஒப்பிட்டோம். குவியல் எண்களைச் சரிசெய்து, மூட்டைகளை எண்ணி, வித்தியாசத்தை ‘இருப்புத் திருத்தம்’ என்று காரணத்தோடு பதிந்தோம். பழைய எண்ணிக்கை மேலேயே திருத்தி எழுதினால் நாளைக்குக் கேள்வி வரும்போது தடயம் இருக்காது. அக்காவுக்குச் சனிக்கிழமைதான் பணம் போனது. கூலிக்கு ரெண்டு நாள் கடன் வாங்கியிருக்காங்க.

இப்போது குவியல் எண்ணை ‘கு05கு07’ என்று எழுத்து கலந்து போடுகிறோம். எக்செல் அதைத் தொடாது. மொத்தமாக ஏற்றும்போது சரக்கு எண், மாற்ற வேண்டிய கட்டம், இந்த ரெண்டு மட்டும்தான். விற்பனையை நிறுத்திவிட்டு இறக்கி, அன்றைக்கே ஏற்றுகிறோம். முதலில் அஞ்சு சரக்கு. சரியாக வந்தால்தான் மீதி. ஏற்றும் முன்னால் இருந்த கோப்பைத் தேதி போட்டுத் தனியாக எடுத்து வைக்கிறோம். யார், எதுக்காக, எத்தனை சரக்கை மாற்றினார்கள் என்று பெரியவர் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். போன மாசம் விலை மாற்றினப்போ அவர்தான் முதல் அஞ்சைச் சரிபார்த்தார். ஒண்ணு தப்பு.