பகலிலும் ஏன் எரிகிறது மெழுகுதிரி? கிறிஸ்தவ வழிபாட்டில் அதன் பொருள்

ஸ்ரீ விஜயபுரம்: முன்னர் போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் டெய்ரி ஃபார்ம் பகுதியில், மெழுகுவர்த்தி என்பது வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய பொருள்களுள் ஒன்றாகும். அந்தமான் தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பங்கு டீசல் மின்னாக்கிகளிலிருந்தே கிடைக்கிறது. மின்தடை ஏற்பட்டால் அலமாரியில் முதலில் தேடப்படுவது மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும்தான். மின்சாரம் வந்தவுடன் அது ஊதி அணைக்கப்படும். ஆனால், அதே மெழுகுவர்த்தி ஞாயிறு காலை ஆலயப் பீடத்தில், மின்விளக்குகள் அனைத்தும் எரியும்போதும் ஏற்றப்படுகிறது. வெளிச்சம் தேவைப்படாத இடத்தில் இந்த ஒளி எதற்கு?

இக்கேள்வி புதிதன்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஜிலான்சியுஸ் என்ற குரு, சூரியன் ஒளிரும் வேளையில் கிறிஸ்தவர்கள் மெழுகுதிரி ஏற்றுவதைக் கேலி செய்தார். அவருக்கு 406ஆம் ஆண்டு மறுப்பு எழுதிய புனித ஜெரோம், கீழைத் திருச்சபைகளில் நற்செய்தி வாசிக்கப்படும்போது பகலிலும் விளக்கு ஏற்றப்படுவதைச் சுட்டிக்காட்டினார். இருளை விரட்டுவதற்காக அன்று, மகிழ்ச்சியை வெளிப்படுத்தவே அவை ஏற்றப்படுகின்றன என்பது அவரது விளக்கம். இன்றும் சிறப்புத் திருப்பலிகளில் நற்செய்தி வாசகத்தின்போது இருவர் மெழுகுதிரிகளை ஏந்தி நிற்பதைக் காணலாம்.

நாளேடுகள் 'மெழுகுவர்த்தி' என்று எழுதினாலும், கத்தோலிக்கத் தமிழரின் வழக்கில் 'மெழுகுதிரி' என்ற சொல்லே மிகுதி. 'வர்த்தி' என்பதன் பொருளும் திரியே. இடைக்கால ஐரோப்பிய இறையியலாளர்கள் இந்த இரண்டு உறுப்புகளுக்கும் பொருள் கண்டனர். தேனீக்கள் தரும் தூய மெழுகு கிறிஸ்துவின் உடலையும், உள்ளே மறைந்திருக்கும் திரி அவரது ஆன்மாவையும், சுடர் அவரது இறைத்தன்மையையும் குறிப்பதாக அவர்கள் கூறினர். இன்று கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பாரஃபின் மெழுகால் ஆனவை என்பதால், தேனீயைப் பற்றிய இந்த விளக்கம் பலருக்கு வியப்பளிக்கலாம்.

இக்குறியீடுகளின் உச்சம் பாஸ்கா திரி. ஈஸ்டர் திருவிழிப்பு இரவில் ஆலய விளக்குகள் அணைக்கப்பட்டு, வெளியே புதிய நெருப்பு மூட்டப்படும். பெரிய மெழுகுதிரி ஒன்றில் சிலுவையும், கிரேக்க அகரவரிசையின் முதல், இறுதி எழுத்துகளான ஆல்பாவும் ஓமேகாவும், நடப்பாண்டின் நான்கு இலக்கங்களும் பொறிக்கப்படும். இயேசுவின் ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படும். புதிய நெருப்பிலிருந்து ஏற்றப்பட்ட அத்திரியுடன், இருண்ட ஆலயத்திற்குள் பவனி நுழையும். அந்த ஒரு சுடரிலிருந்து மக்கள் தத்தம் கையிலுள்ள திரியைப் பற்றவைத்து, அடுத்தவருக்கு வழங்குவர். சில நிமிடங்களில் ஆலயம் முழுவதும் ஒளி பரவும். முதல் சுடரோ சற்றும் குறைவதில்லை.

பாஸ்கா திரி மெழுகால் மட்டுமே செய்யப்பட வேண்டும், ஆண்டுதோறும் புதிதாக அமைய வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. பெந்தக்கோஸ்து விழா வரை பீடத்தின் அருகில் எரியும் அது, பின்னர் திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படும். குழந்தையின் திருமுழுக்கில் வழங்கப்படும் சிறு திரி அதிலிருந்தே ஏற்றப்படுகிறது. அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியின் அருகே நிற்பதும் அதே பாஸ்கா திரிதான்.

எல்லாச் சபைகளும் இவ்வழக்கத்தை ஒரே அளவில் ஏற்கவில்லை. 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது பல சபைகள் மெழுகுதிரிகளைக் கைவிட்டன. லூத்தரன் சபையினர் தொடர்ந்து பயன்படுத்தினர். இந்தியாவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. நாட்டின் பண்பாட்டிற்கு ஏற்ப வழிபாட்டில் செய்துகொள்ள 1969ஆம் ஆண்டு ரோம் அனுமதித்த 12 தழுவல்களில், மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கைப் பயன்படுத்தலாம் என்பதும் ஒன்று. தமிழ் ஆலயங்களில் குத்துவிளக்கு இடம்பெற்றது அப்படித்தான். ஆயினும் நேர்த்திக்கடன் என்று வரும்போது மக்களின் கை மெழுகுதிரியையே நாடுகிறது. வேளாங்கண்ணியில் தம் உயரத்துக்கு நிகரான மெழுகுதிரியைக் காணிக்கையாகச் செலுத்துவோரைக் காணலாம். தாம் சென்ற பின்பும் தமக்குப் பதிலாக அது அங்கு நின்று எரிகிறது என்பதே அக்காணிக்கையின் உட்பொருள்.

இந்தப் பொருள் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வேறொரு கனத்தைப் பெறுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எழுந்த ஆழிப்பேரலையில் இத்தீவுகளில் இறந்தோரும் காணாமற்போனோரும் 3,500 பேருக்கு மேல். நிக்கோபார் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவும் பேரழிவைச் சந்தித்தது. அதே காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் திருப்பயணிகள் பலர் உயிரிழந்தனர்.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். அன்று மாலை தமிழ்க் கிறிஸ்தவர்கள் கல்லறைகளைப் பூவால் அலங்கரித்து, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் மெழுகுதிரி ஏற்றுவர். உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை இல்லை, தலைமாடும் இல்லை. அவர்களுக்கான திரிகள் டிசம்பர் 26 அன்று நினைவிடங்களிலும் கடற்கரையிலும் ஏற்றப்படுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதம் அது. திரியைச் சுற்றிக் காகிதக் கூம்பு வைத்தாலும் சுடர் நிற்பதில்லை. அணைந்த திரியை அருகில் நிற்பவரின் சுடரில் மீண்டும் பற்றவைத்து, உள்ளங்கையால் மறைத்தபடி நிற்கின்றனர்.