முளைக்காத குழியில் ஊன்றிய விதை: ரீட் குடும்பத்தின் மக்காச்சோளக் கதை

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டெலவன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் சமதளமான கரிசல் நிலம். பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும்தான் பயிர். 1846-ம் ஆண்டு வசந்த காலத்தில், ஒஹாயோ மாநிலத்தின் பிரவுன் கவுண்டியில் இருந்து ராபர்ட் ரீட் என்ற விவசாயி குடும்பத்துடன் இங்கே பிழைக்க வந்தார். மகன் ஜேம்ஸ் அப்போது சிறு குழந்தை. சாமான்களோடு, சொந்த ஊரில் விளைந்த மக்காச்சோள விதையும் வந்தது.

அந்த விதைக்கு 'கோர்டன் ஹாப்கின்ஸ்' என்று பெயர். செம்மை படர்ந்த மணி, நீண்ட வயதுள்ள ரகம். மணி காயும்போது அதன் தலைப்பகுதி குழிந்து குதிரைப் பல் போல ஆகிவிடும். 'டென்ட்' வகை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர். புதிய ஊர் சற்றே வடக்கே இருக்கிறது. குளிர் முந்தி வந்துவிடும். போதாக்குறைக்கு அந்த ஆண்டு விதைப்பும் தள்ளிப்போனது. பயிர் வளர்ந்தது, கதிரும் பிடித்தது. ஆனால் மணி சரியாக முற்றவில்லை.

முற்றாத மணியை விதைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1847-ல் ரீட் அந்த விதையை ஊன்றினார். முளைப்பு மோசம். அந்தக் காலத்தில் குழி எடுத்து, குழிக்கு மூன்று நான்கு விதை போடுவார்கள். பல குழிகள் வெறுமையாகக் கிடந்தன. நிலத்தைச் சும்மா விட மனமில்லாமல், அந்தக் குழிகளில் மட்டும் உள்ளூரில் கிடைத்த 'லிட்டில் யெல்லோ' என்ற குறுகிய வயது மஞ்சள் ரகத்தை ஊன்றினார். இது 'ஃபிளின்ட்' வகை. மணி உருண்டு, கண்ணாடி போல் கடினமாக இருக்கும்.

மக்காச்சோளத்தில் காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுசெல்லும். ஒரே வயலில் இரண்டு ரகமும் ஒன்றாகப் பூத்தால் கலப்பைத் தடுக்க முடியாது. நீண்ட வயது ரகம் முந்தி விதைக்கப்பட்டது, குறுகிய வயது ரகம் பிந்தி விதைக்கப்பட்டது. அதனால்தான் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இன்று விதை உற்பத்தி வயலில் ஆண், பெண் வரிசைகளின் விதைப்புத் தேதியை மாற்றி, பூக்கும் நாளைச் சரிக்கட்டுகிறோம். ரீட் வயலில் அது தானாக நடந்துவிட்டது.

மறு ஆண்டு ரீட் பழைய விதையைத் தேடிப் போகவில்லை, கலப்பில் வந்த கதிர்களிலேயே விதை எடுத்தார். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அந்தக் கலப்பில் இருந்துதான் பின்னாளில் 'ரீட் யெல்லோ டென்ட்' என்ற ரகம் வந்தது.

மகன் கையில் வந்த விதை

ரகத்துக்கு உருவம் கொடுத்தவர் மகன் ஜேம்ஸ் ரீட். தந்தை காலத்து விதையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் விடாமல் கதிர் தேர்வு செய்தார். மணி மஞ்சளாக, ஆழமாக இருக்க வேண்டும். நடுக்கட்டை பருமனாக இருக்கக் கூடாது. கதிருக்கு 18 முதல் 24 வரிசை மணி. நுனி வரை நிறைந்திருக்க வேண்டும்.

இது ஏதோ பொழுதுபோக்கு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கதிரில் சுமார் 800 மணி என்று வைத்தால், அன்றைய பயிர் நெருக்கத்துக்கு ஏக்கருக்கு 12 முதல் 15 கதிர் விதை போதும். ஒரு ஏக்கரில் விளையும் ஆயிரக்கணக்கான கதிர்களில் இருந்து பதினைந்தை மட்டும் எடுப்பது மிகக் கடுமையான தேர்வு. அதே சமயம் இந்த முறையில் ஒரு பெரிய குறையும் உண்டு. கையில் இருக்கும் கதிரின் தாய்ச்செடி நல்லது என்று தெரியும். தகப்பன் யார்? அது காற்றுக்குத்தான் வெளிச்சம். அதனால் முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும்.

1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜேம்ஸ் ரீட் வைத்த கதிர்கள் பரிசு பெற்றன. அதன் பிறகு அக்கம்பக்கத்து மாநிலங்களில் எல்லாம் ரீட் விதைக்குக் கிராக்கி. ஊருக்கு ஊர் மக்காச்சோளக் கதிர்ப் போட்டிகள் நடந்த காலம் அது. நடுவர்கள் மதிப்பெண் அட்டையோடு உட்கார்ந்து கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ரீட் கதிரின் வடிவமே அங்கே அளவுகோல் ஆகிப்போனது.

ஜேம்ஸ் ரீட் 1910-ல் காலமானார். விதை ரகத்துக்கு உரிமை கோர அன்று அமெரிக்காவில் எந்தச் சட்டமும் இல்லை. விதை மூலம் பெருகும் பயிர்களுக்கான ரகப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வந்தது 1970-ல்தான். எனவே ரீட் விதையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், பெருக்கலாம், விற்கலாம். அப்படித்தான் செய்தார்கள்.

அழகான கதிர் அதிகம் விளையுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பக்கத்து மாநிலமான அயோவாவின் ஒரு பதினாறு வயதுப் பையன். பெயர் ஹென்றி வாலஸ். தாத்தாவும் அப்பாவும் விவசாயப் பத்திரிகை நடத்தியவர்கள். 1904-ல் பேராசிரியர் ஹோல்டன் என்பவர் மக்காச்சோளக் கதிர் மதிப்பீட்டில் பெரிய ஆள். அவர் தரம் பிரித்த கதிர்களை வாங்கி, கதிருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக விதைத்து, விளைச்சலையும் தனித்தனியாக எடை போட்டான் அந்தப் பையன். அழகில் முதலிடம் பெற்ற கதிர், விளைச்சலில் பின்தங்கிய கதிர்களோடு போய் நின்றது.

இதில் ஜேம்ஸ் ரீட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1860-களில் இருந்து 1930-கள் வரை அமெரிக்காவின் சராசரி மக்காச்சோள விளைச்சல் ஏக்கருக்கு 25 புஷல் அளவிலேயே நின்றது. நம் கணக்கில் சுமார் 635 கிலோ. கண்ணால் பார்த்துத் தேர்வு செய்வது ரகத்தின் நிறத்தையும் வடிவத்தையும் வயதையும் ஒழுங்குபடுத்தும். விளைச்சலைக் கூட்ட அது மட்டும் போதாது. விதைக் கதிரைப் பரணில் கட்டித் தொங்கவிடும் விவசாயியிடம் நான் எடை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வாலஸ் பிற்பாடு 1926-ல் வீரிய ஒட்டு விதைக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். நம் ஊர் விதைக் கடைகளில் 'பயனியர்' என்ற பெயரில் பை தொங்குகிறதே, அதன் மூலம் அங்கேதான். வாலஸ் அமெரிக்காவின் வேளாண் அமைச்சராகவும், 1941 முதல் 1945 வரை துணை ஜனாதிபதியாகவும் இருந்தார். அவர் வில்லியம் பிரவுனுடன் சேர்ந்து எழுதி 1956-ல் வெளிவந்த நூலில் ரீட் குடும்பத்தின் கதைக்கும் இடம் கொடுத்தார்.

வீரிய ஒட்டு வந்த வேகம் விரிவாக்கப் பணியாளர்கள் அறிந்ததே. அயோவாவில் ரையான், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943-ல் வெளியிட்ட ஆய்வு நமக்கெல்லாம் பாடமாகவே இருந்தது. இருவரைத் தவிர அனைவரும் 1941-க்குள் ஒட்டு விதைக்கு மாறியிருந்தார்கள். தாத்தா பரணில் விதைக் கதிர் வைத்திருந்த வீட்டில், பேரன் ஆண்டுதோறும் பை வாங்கினான்.

பைக்குள் இருக்கும் வம்சம்

ரீட் ரகம் வயலைவிட்டுப் போனது. அதன் ரத்தம் போகவில்லை. ஒட்டு விதைக்குத் தாய் தந்தையாக நிற்கும் தூய வழிகளை எந்த ரகங்களில் இருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால், ரீட் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1930-களில் அயோவாவில் ஜார்ஜ் ஸ்ப்ராக், தட்டை சாயாத 16 வழிகளை ஒன்றாகக் கலந்து ஒரு கூட்டு ரகம் உருவாக்கினார். அவற்றில் பல, ரீட் பின்னணி கொண்டவை. அந்தக் கூட்டில் இருந்து தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து, 1972-ல் 'பி73' என்ற வழி வெளியிடப்பட்டது. பென்சில்வேனியா விவசாயி ஐசக் ஹெர்ஷி உருவாக்கிய 'லங்காஸ்டர்' ரகத்தின் வழிவந்த 'மோ17' உடன் இதைச் சேர்த்தபோது கிடைத்த ஒட்டு, அமெரிக்க வயல்களில் பெரும் பெயர் எடுத்தது. 2009-ல் மக்காச்சோளத்தின் முழு மரபணு வரிசை வெளியானபோது, அதற்கு எடுத்துக்கொண்டது பி73-ஐத்தான். இன்று எந்த நாட்டில் மக்காச்சோள மரபணு ஆய்வு நடந்தாலும் ஒப்பிடும் அளவுகோல்களில் முதன்மையானது அது.

ஒரே வம்சத்தை அதிகம் நம்பினால் ஆபத்தும் உண்டு. 1970-ல் அமெரிக்காவில் இலைக்கருகல் நோய் பரவி, நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. காரணம் ரீட் ரத்தம் அல்ல. விதை உற்பத்தியில் ஆண் பூவைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்தப் பயன்படுத்திய ஒரே வகை ஆண் மலட்டுத்தன்மை, பெரும்பாலான ஒட்டுகளில் இருந்தது. அதை வைத்திருந்த எல்லாச் செடிகளும் நோய்க்கு இடம் கொடுத்தன.

எப்படித் தெரிந்தது இவ்வளவும்?

ரீட் குடும்பம் போன்ற ஒரு விவசாயக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடுவோருக்கு அமெரிக்காவில் ஆவணங்கள் நிறைய. 1850-ல் இருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகள் நீங்கலாக வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். 1850 முதல் 1880 வரையான கணக்கெடுப்புகளில் விவசாயத்துக்கென்றே தனிப் பட்டியல் இருந்தது: விவசாயியின் பெயர், சீர்திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், குதிரை எத்தனை, மாடு எத்தனை, மக்காச்சோளம் எத்தனை புஷல். நம் அடங்கலைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இது புரியும். 1890 கணக்கெடுப்பு மட்டும் தீ விபத்தால் பெரும்பகுதி அழிந்துபோனது.

ஆனால் எந்த அரசு ஏட்டிலும், முளைக்காத குழிகளில் எந்த விதை ஊன்றப்பட்டது என்று இருக்காது. அது தந்தை மகனுக்குச் சொல்லி, மகன் மற்றவர்களுக்குச் சொல்லித்தான் நிலைத்தது. எட்கர் ஆண்டர்சனும் வில்லியம் பிரவுனும் பின்னாளில் கதிர்களையும் குரோமோசோம்களையும் ஆராய்ந்து, அந்தப் பகுதி மக்காச்சோளம் தெற்கத்தி டென்டும் வடக்கத்தி ஃபிளின்ட்டும் கலந்து பிறந்ததுதான் என்று காட்டினார்கள். குடும்பம் சொன்ன கதையும் செடி சொன்ன கதையும் பொருந்தின.

நம் நாட்டில் 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி, விவசாயி தான் காத்துவரும் ரகத்தைத் தன் பெயரிலோ சமூகத்தின் பெயரிலோ பதிவு செய்யலாம். அதற்கு விண்ணப்பிக்கும்போது விதை எங்கிருந்து வந்தது, யார் எத்தனை ஆண்டுகளாகப் பயிர் செய்கிறார்கள் என்ற கேள்விகளில்தான் பலரும் திணறுகிறார்கள். விதை கையில் இருக்கிறது, கதை இல்லை. வீட்டில் வயதான அப்பாவோ அம்மாச்சியோ இருந்தால், இந்தப் பருவ விதைப்புக்கு முன்பே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

ரீட் யெல்லோ டென்ட் இப்போதும் அழிந்துவிடவில்லை. சில சிறு விதைக் கம்பெனிகள் அதைப் பொட்டலம் போட்டு விற்கின்றன. பொட்டலத்தின் மேல் ரீட் பெயர் இருக்கிறது. வெள்ளையர் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஃபிளின்ட் மக்காச்சோளத்தைக் காத்துவந்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். லிட்டில் யெல்லோவை ரீட்டுக்குக் கொடுத்த கை யாருடையது, அதற்கு முன் எத்தனை பேர் கையில் இருந்து வந்தது என்பதற்குப் பொட்டலத்தில் இடமில்லை.