தேன்சிட்டுக்கு ஒரு குடுவை

நம் சங்கத்துக் குடும்பங்களில் மக்களையும் மருமக்களையும் அமெரிக்க நாட்டிற்கு அனுப்பிவிட்டு, விடுமுறைதோறும் அவர்தம் வருகையை எதிர்நோக்கியிருப்போர் பலர். அங்ஙனம் வருவோர் கொணரும் பரிசுகளுள் இந்நாளில் ஒரு கண்ணாடிக் குடுவையும் இடம்பெறுவதைக் காண்கிறோம். கவிழ்த்த புட்டி, அதன் அடியில் செந்நிறத் தட்டு, தட்டில் பூ வடிவான சிறு துளைகள். ஓசனிச்சிட்டு எனப்படும் ரீங்காரச் சிட்டுக்கு இனிப்பு நீர் ஊட்டுவதற்கென அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் தொங்கவிடப்படும் கருவி இது. சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளில், மொட்டைமாடித் தொட்டிகளையே தோட்டமாகக் கொண்டு வாழும் நமக்கு இது பயன்படுமா என்று அன்பர்கள் வினவுகின்றனர்.

ஓசனிச்சிட்டு நம் குடுவையை நாடி ஒருபோதும் வாராது. முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட அதன் இனங்கள் யாவும் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வன. ஆயினும் பேரக்குழந்தைகள் ஏமாற வேண்டியதில்லை. நமக்குத் தேன்சிட்டு உண்டு. மலையாள அண்டைவீட்டார் இதனைத் தேன்கிளி என்பர். இரண்டும் தேனுண்ணும் சிறு பறவைகளே எனினும் உறவினர் அல்ல. தொழில் ஒன்றானமையால் தோற்றமும் ஓரளவு ஒத்துப்போயின.

நம் நகரத்தில் எளிதிற் காணக்கூடியவை மூன்று. மஞ்சள் வயிறும் செம்பழுப்பு மார்பும் கொண்டு, வெயிலில் ஊதா நிறம் மின்னும் பிட்டத்தையுடையது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமே உள்ள இச்சிறு பறவைதான் நம் மாடிக்கு முதலில் வரும் விருந்தாளி. கருநீலமாகப் பளபளப்பது ஊதாத் தேன்சிட்டு. மூன்றாவதற்கு அலகு மிக நீண்டு வளைந்திருக்கும். மலையாளத்தில் கொக்கன் தேன்கிளி. அம்மொழியில் கொக்கு என்பது அலகையும் குறிக்கும் என்பதை அறியாதார், பெயரைக் கேட்டு நீர்நிலைக்குத் தேடிப்போக வேண்டா. இதன் அறிவியற் பெயரில், 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராயிருந்த லோட்டன் என்பாரின் பெயர் நிலைத்திருக்கிறது. மேலும் அறிய விழைவோர் 1958-இல் வெளிவந்த இந்துசூடனின் மலையாள நூலாகிய ‘கேரளத்திலெ பக்ஷிகள்’ என்பதையும், 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளில் பறவைக் கணக்காய்வு நடத்திய சாலிம் அலி அவர்களின் நூலையும் நாடலாம்.

இனிக் குடுவையைப் பார்ப்போம். ஓசனிச்சிட்டு வினாடிக்கு ஐம்பது முறை அளவிற்குச் சிறகடித்து வானில் நின்றவாறே உண்ணும். தேன்சிட்டோ பெரும்பாலும் கொம்பில் அமர்ந்தே பூவில் அலகை விடும். எனவே உட்காரக் கம்பியில்லாத குடுவை நமக்கு உதவாது. அத்தகையது வந்திருப்பின் துளைகளுக்கு அருகே மெல்லிய குச்சியொன்றைக் கட்டிவிடலாம். பெரிய புட்டியைக் கண்டு மயங்குதலும் கூடாது. சில கிராம் எடையுள்ள பறவை எவ்வளவு குடிக்கும்? ஒரு தேநீர்க் கோப்பையளவு கொள்ளும் சிறு குடுவை போதும். முழுவதும் கழற்றிக் கழுவத்தக்கதாக, கை அல்லது தூரிகை உள்ளே நுழையுமாறு வாய் அகன்றிருத்தல் வேண்டும். நம் கருத்தில், அழகினும் இதுவே முதற்கண் நோக்கத்தக்கது.

இனிப்பு நீருக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீனி, நான்கு பங்கு நீர். நீரைக் கொதிக்கவைத்துச் சீனியைக் கரைத்து, நன்கு ஆறிய பின்னரே ஊற்றுக. சீனி என்று வற்புறுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்நகர்க் கடைகளில் சர்க்கரை என்று கேட்டால் வெல்லந்தான் கிடைக்கும். நம் நாஞ்சில் நாட்டு முதியோர் வழக்கும் அதுவே. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் உள்ள இரும்பு முதலிய பொருள்கள் இச்சிறு பறவைகளுக்கு ஒவ்வா. தேன் நல்லதென எண்ணித் தேனைக் கரைத்து வைப்பாரும் உளர். நீர் கலந்த தேன் விரைவிற் புளித்துப் பூஞ்சை படரும். சிவப்புச் சாயமும் வேண்டா. தட்டின் நிறமே பறவையை அழைக்கப் போதுமானது.

திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் இனிப்பு நீர் ஒருநாள் தாங்குவதே அரிது. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்து நான்கைந்து நாள் விட்டுவைத்தலாகாது. நாள்தோறும் காலையில் பழைய நீரைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் தேய்த்துக் கழுவிப் புதுநீர் நிரப்புக. நீர் கலங்கியிருந்தால் அன்றே, அப்பொழுதே மாற்றுக. துளைகளின் ஓரத்தில் கரும்புள்ளி தென்பட்டால் புளிக்காடி கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பன்முறை அலசுக. பல பறவைகள் ஒரே துளையில் அலகை விடுவதால் ஒன்றன் நோய் மற்றொன்றுக்குப் பரவும். வாடிய பூவைப் பறவை தானே விலக்கிவிடும். கெட்ட குடுவையை விலக்க அறியாது. நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ கல்யாணத்திற்குச் செல்வோர் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்படுக. இவ்வேலையை அன்றாடம் செய்ய ஆளில்லாத வீட்டில் குடுவையை அலமாரியில் வைத்துவிடுவதே பறவைக்குச் செய்யும் உபகாரம்.

எறும்புக்கு நம் பாட்டிமார் கண்ட வழியே வழி. உணவலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தினார்கள் அல்லவா? அவ்வண்ணமே, குடுவை தொங்கும் கம்பியில் சிறு கிண்ணமொன்றைக் கோத்து நீர் நிரப்பினால் எறும்பு இறங்காது. எண்ணெய் பூசுதல் தீது. இறகில் ஒட்டினால் பறவை துன்புறும். நிழலான இடமும் மழைச்சாரல் படாத இறவாரமும் ஏற்றவை.

இவ்வளவு கூறிய பின்னும், குடுவையைவிடச் செடியையே நாம் பரிந்துரைப்போம். சீனி நீரில் புரதம் இல்லை. தேன்சிட்டு தன் குஞ்சுகளுக்குப் புழுவும் சிலந்தியும் பூச்சியுமே ஊட்டி வளர்க்கிறது. பூச்செடியில் தேனும் உண்டு, பூச்சியும் உண்டு. கழுவும் வேலையும் இல்லை. செம்பருத்தி, மலையாளிகள் தெச்சி என்னும் இட்லிப்பூ, கல்யாண முருங்கை ஆகியன சிறந்தவை. கொல்லையுள்ளோர் வாழையும் முருங்கையும் வைத்திருப்பின் அவற்றின் பூவுக்கே சிட்டுகள் வந்துசேரும். தென்னம்பாளையும் அவற்றை ஈர்க்கும். மாமரத்துப் புல்லுருவியின் பூவைத் தேன்சிட்டு மிக விரும்பும். ஆனால் மாம்பழத்தின்மீது ஆசையுடையார் அதனை வளரவிடமாட்டார். செம்பருத்தியின் அடிப்பாகத்தைக் குத்தித் தேனைத் திருடிச் செல்வதும் உண்டு. பூ சிதைந்ததே என்று பூசைக்குப் பறிப்போர் சினவாதிருப்பாராக. செடிக்குப் பூச்சிமருந்து தெளித்துவிட்டுச் சிட்டை அழைத்தல் மட்டும் எவ்வகையிலும் தகாது.

பெண்சிட்டு சிலந்தி நூலால் பிணைத்துப் பட்டைத் துணுக்கும் சருகும் தொங்கப் பைபோலக் கூடு கட்டும். துணி உலர்த்தும் கொடியிலும் தாழ்வாரத்து மின்கம்பியிலும் கட்டுவது வழக்கம். காண்பதற்குக் குப்பை தொங்குவதுபோல் இருத்தலின், விளக்குமாற்றால் தட்டிவிடுவாரும் உளர். தட்டுமுன் ஒருகால் உற்று நோக்குக. உள்ளே இரண்டு முட்டைகள் இருக்கலாம். முட்டையிட்டது முதல் குஞ்சு பறக்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம். அதுவரை வேறொரு கொடியில் துணி உலர்த்துவது பெருந்தொல்லையன்று. குழந்தைகள் தொலைவிலிருந்து பார்க்கட்டும். கூட்டினுள் விரலை விடலாகாது.

கண்ணாடி ஜன்னலில் தன் உருவத்தைக் கண்டு பகைவனென எண்ணி ஆண்சிட்டு நாளெல்லாம் கொத்துவதுண்டு. அவ்விடத்தில் வெளிப்புறமாக ஒரு துணியைத் தொங்கவிட்டால் போர் ஓயும்.

சாலையின் பூக்கடைகளுக்குத் தோவாளையிலிருந்து வந்திறங்கும் பூவெல்லாம் கொய்த பூ. சிட்டுக்கு அதனால் பயனில்லை. இடவப்பாதி மழை தொடங்கியதும் செம்பருத்தியில் பென்சில் பருமனுள்ள கொம்பை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, பாதிக் கொம்பு மண்ணுள் இருக்குமாறு தொட்டியில் நடுக. நீர் தேங்காமல் தொட்டியின் அடியில் துளையிட மறவாதீர்கள். சில வாரங்களில் தளிர்க்கும்.